தூரத்திலிருந்து திறக்கும் கதவு

மூன்றாம் ஆண்டு, இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கண்ட்ரோல் பிரிவு



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எதைப் படித்தாலும் எங்க அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். இந்தக் கட்டுரையையும் அப்படியே எழுதுகிறேன். ஆலைகளில் உள்ள கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து இயக்கும் 'ரிமோட் ஆக்சஸ்' பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எங்க ஊர்ப் பக்கம் கிணற்று மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. உள்ளே ஒரு சிம் கார்டு. நடுராத்திரி மும்முனைக் கரன்ட் வந்தால் டார்ச் லைட்டோடு வரப்பில் நடக்க வேண்டாம். வீட்டிலிருந்தே போன் போட்டால் மோட்டார் ஓடும். எவ்வளவு பெரிய வசதி! ஆனால் குறிப்பிட்ட நம்பர்களுக்கு மட்டும் ஓடும்படி செட் பண்ணாமல் விட்டால், நம்பர் தெரிந்த எவரும் அதை ஓட்டலாம். ரிமோட் ஆக்சஸின் நன்மையும் தீமையும் இதற்குள்ளேயே அடங்கிவிட்டன.

ஒரே ஆலையில் இரண்டு ஜாதி மெஷின்

ஒரு பெரிய ரசாயன ஆலையையோ மின் நிலையத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். பல கண்ட்ரோல் ரூம்களில் யூனிக்ஸ் மெஷினும் விண்டோஸ் மெஷினும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஏன் இந்தக் கலப்படம்? பம்ப், வால்வு, கண்ட்ரோலர் எல்லாம் இருபது முப்பது வருஷம் உழைப்பவை. 1980களில் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு நம்பகமானதாக யூனிக்ஸ் கருதப்பட்டது. உதாரணமாக, ஃபாக்ஸ்போரோ கம்பெனி 1987-இல் கொண்டுவந்த ஐ/ஏ சீரிஸ் முதலில் யூனிக்ஸில் ஓடியது. பிறகு விண்டோஸ் என்.டி. ஸ்டேஷன்களும் அதே குடும்பத்தில் சேர்ந்தன. புதியது வந்தது என்பதற்காக ஓடுகிற பழையதை யாரும் தூக்கி எறிவதில்லை. எனவே இரண்டும் ஒரே கேபிளில் பேச வேண்டியதாயிற்று.

அதற்கும் கீழே பி.எல்.சி. போன்ற கண்ட்ரோலர்கள். இவற்றில் பல 1979-இல் உருவான மாட்பஸ் மொழியில் பேசுபவை. பழைய மாட்பஸில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. 'வால்வைத் திற' என்று சரியான வடிவத்தில் யார் சொன்னாலும் அது கேட்டுக்கொள்ளும். எனவே மேலே உள்ள கம்ப்யூட்டருக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால், கீழே அவனைத் தடுக்க ஆளில்லை!

நுழையும் வழிகள்

1. டெல்நெட்: யூனிக்ஸுக்குப் பழைய வழி. தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்டு உட்பட, கேபிளில் அப்படியே போகும். தபால் கார்டில் ரகசியம் எழுதுவதைப் போல!

2. எஸ்.எஸ்.ஹெச்.: பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டூ உலோனென், அங்கே பாஸ்வேர்டுகள் திருடப்பட்டதைத் தொடர்ந்து 1995-இல் உருவாக்கியது. டெல்நெட் செய்யும் வேலைதான். ஆனால் எல்லாம் சங்கேதமாக மாற்றப்பட்டுப் போகும். தபால் கார்டு ஒட்டிய கவராக மாறியது எனலாம்.

3. எக்ஸ் விண்டோ: 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. யூனிக்ஸ் மெஷினில் ஓடும் வரைபடத் திரையை வேறொரு மெஷினில் காட்டும். இங்கே ஒரு தலைகீழ்ச் சங்கதி உண்டு. நம் முன்னால் உள்ள திரைக்குத்தான் 'சர்வர்' என்று பெயர். தூரத்தில் ஓடும் புரோகிராம்தான் 'கிளையன்ட்'. விண்டோஸ் மெஷினில் எக்ஸீட் போன்ற ஒரு எக்ஸ் சர்வரைப் போட்டுவிட்டால், யூனிக்ஸ் படம் விண்டோஸ் திரையில் தெரியும். 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. படம் தெரியவில்லை என்றால் அவசரத்தில் அதைத் தட்டிவிடுவார்கள். உடனே படம் வந்துவிடும். ஆனால் நெட்வொர்க்கில் உள்ள எந்த மெஷினும் அந்தத் திரையைப் பார்க்கவும், அங்கே அழுத்தும் விசைகளைப் படிக்கவும் முடியும்! எக்ஸை எஸ்.எஸ்.ஹெச். வழியாக அனுப்புவதே முறை.

4. வி.என்.சி.: 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. யூனிக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். எனவே கலப்பு ஆலைக்கு ஏற்றது. ஆனால் பழைய வி.என்.சி.யின் பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்கு மேல் போகாது. திரைப் படமும் சங்கேதமாகப் போகாது.

5. ஆர்.டி.பி.: மைக்ரோசாஃப்ட்டின் வழி. 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வரோடு வந்தது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆபரேட்டர் உட்கார்ந்திருக்கும் சாதாரண விண்டோஸ் மெஷினுக்குள் ஆர்.டி.பி. வழியாக நுழைந்தால், அவர் முன்னால் உள்ள திரை பூட்டிக்கொள்ளும். பிரஷர் ஏறுவதை அவர் பார்க்க முடியாது! வி.என்.சி.யில் அப்படியில்லை, இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம். ஆகவே எந்த வழி வசதி என்று மட்டும் கேட்டால் போதாது; அந்த வழியில் நுழையும்போது ஆபரேட்டரின் கண் மறைகிறதா என்றும் கேட்க வேண்டும்.

உக்ரைனில் நடந்தது

2015 டிசம்பர் 23. உக்ரைன் நாட்டில் மூன்று மின் விநியோகக் கம்பெனிகள். சில மாதங்களுக்கு முன்பே, ஊழியர்களுக்கு வந்த இ-மெயில் இணைப்புகள் வழியாக அன்னியர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்திருந்தார்கள். அங்கிருந்து பாஸ்வேர்டுகளைத் திருடி, ஊழியர்கள் பயன்படுத்தும் அதே ரிமோட் வழியில் கண்ட்ரோல் நெட்வொர்க்கை அடைந்தார்கள். பூட்டை உடைக்கவே இல்லை; சாவி கையில் இருந்தது! அந்த வழியில் பாஸ்வேர்டைத் தவிர இரண்டாவது சோதனை எதுவும் இல்லை.

அன்று பிற்பகல் ஆபரேட்டர் கண் முன்னாலேயே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து, பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரன்ட் போயிற்று. அதோடு விடவில்லை. துணை மின் நிலையங்களில் இருந்த தகவல் தொடர்புக் கருவிகளின் உள் புரோகிராமையும் அழித்தார்கள். இனி கண்ட்ரோல் ரூமிலிருந்து பிரேக்கரை மூட வழியில்லை.

பிறகு கரன்ட் எப்படி வந்தது? ஆட்கள் வண்டியேறித் துணை மின் நிலையங்களுக்குப் போனார்கள். பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. கைச்சக்கரமும் கைப்பிடியும் தெரிந்த ஆள் இருந்ததால் ஊர் பிழைத்தது என்றால் மிகையாகாது.

இதற்கும் முன்பு, 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் இன்னொரு சம்பவம். ஒரு கான்ட்ராக்டரின் லைன் ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. அதன் வழியே 'ஸ்லாமர்' வைரஸ் புகுந்து, பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் கம்ப்யூட்டரைச் சுமார் ஐந்து மணி நேரம் முடக்கியது. நல்ல வேளை, அப்போது உலை ஓடவில்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான்!

என்ன செய்ய வேண்டும்?

* ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் ஆலை நெட்வொர்க்குக்கும் நடுவில் ஒரு மெஷின் இருக்க வேண்டும். யூனிக்ஸுக்குப் போனாலும் விண்டோஸுக்குப் போனாலும் எல்லோரும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

* அந்த வாசலில் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி. போல இரண்டாவது சோதனையும் வேண்டும்.

* எஸ்.எஸ்.ஹெச். ஏற்காத பழைய யூனிக்ஸ் மெஷினா? அது இந்த வாசலுக்குப் பின்னால் மறைந்து இருக்கட்டும். டெல்நெட் வெளியே எட்டிப் பார்க்கவே கூடாது.

* ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. நான் இன்-பிளான்ட் டிரெய்னிங் போன ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் மானிட்டரில் சீட்டாக ஒட்டியிருந்தது!

* வெளியூர் சர்வீஸ் இன்ஜினியருக்கு வேலை உள்ளபோது மட்டும் இணைப்பு. ஷிஃப்ட் இன்ஜினியர் திறக்க வேண்டும்; முடிந்ததும் அவரே மூட வேண்டும்; லாக் புத்தகத்தில் நேரம் எழுத வேண்டும்.

* கையால் இயக்கும் பழக்கம் விட்டுப் போகக் கூடாது.

நமக்கு என்ன சம்பந்தம்?

"எல்லாம் ரிமோட்ல வந்தாச்சு, இனி டிப்ளமோக்காரன் எதுக்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உக்ரைன்தான் அவர்களுக்குப் பதில். ஆனால் அந்தப் பதிலோடு ஒரு பொறுப்பும் நம் தலையில் ஏறுகிறது.

நாளை நம்மில் பலர் மூன்றாம் ஷிஃப்டில், கான்ட்ராக்ட் டிரெய்னியாகக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்போம். இரவு இரண்டு மணிக்குப் போன் வரும். "தம்பி, அந்த நெட்வொர்க் கேபிளைக் கொஞ்சம் சொருகுப்பா, பாஸ்வேர்டு சொல்லுப்பா, அஞ்சு நிமிஷ வேலை." எதிரில் பேசுபவர் பெரிய இன்ஜினியராக இருக்கலாம், யாரோ ஒருவனாகவும் இருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் நமக்கு இருக்கும். எங்கள் வீட்டு மாதிரி, ஒருவன் சம்பளத்தை நம்பி நாலு பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்தில் வாசல் காவல் நம் கையில்தான்.

"ஷிஃப்ட் இன்ஜினியர் கிட்ட கேட்டுச் சொல்றேன், சார்."

நண்பர்களே, இந்த ஒரு வாக்கியத்தை மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்ல இப்போதே பழகிக்கொள்வோம்!