பழைய படத்தையும் கொண்டுவாருங்கள்

1933 ஏப்ரலில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், புற்றுநோய் கண்ட ஒரு நுரையீரலை அறுவை மருத்துவர் எவர்ட்ஸ் கிரஹாம் முழுதாக அகற்றினார். காலியான இடம் என்னாகுமோ என்று அஞ்சி, மார்புச் சுவர் உள்ளே அமுங்கட்டும் என்று பல விலா எலும்புகளையும் எடுத்துவிட்டார். நோயாளியும் ஒரு மருத்துவர்தான். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்த இடத்தை உடலே நிரப்பிக்கொள்ளும் என்பது இன்று தெரியும். முதலில் காற்று இருக்கும். பிறகு நீர் ஊறும். எக்ஸ்ரேயில் மேலே கருப்பு, கீழே வெள்ளை, நடுவில் தொட்டித் தண்ணீர்போல் மட்டமான கோடு. நாளாக ஆக அது ஏறி, சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தப் பக்கமே வெளுத்துவிடும். இதயமும் மூச்சுக்குழாயும் அந்தப் பக்கமாக நகர்ந்திருக்கும். படத்தைப் பார்க்கும் வீட்டார் பதறிப்போவார்கள். ஆனால் அது இயல்பான மாற்றம். ஏறிய கோடு திடீரென இறங்கினால்தான் கவலை: தைத்து மூடிய மூச்சுக்குழாய் முனை திறந்துகொண்டிருக்கலாம்.

ஆக, தனியாக ஒரு படம் அதிகம் சொல்வதில்லை. நுரையீரலின் ஒரு மடலை மட்டும் எடுத்தவர்களுக்கு, மிஞ்சிய மடல்கள் விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தையல் ஓரத்தில் தழும்பு தடிப்பாகத் தெரியும். அது தழும்பா, திரும்பிவந்த புற்றா? ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தில் அதே அளவு இருந்தால் நிம்மதி. வளர்ந்திருந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டுக்கு சி.டி. ஸ்கேனே கைகொடுக்கிறது. எக்ஸ்ரே நெஞ்சு முழுவதையும் ஒரே நிழலாக்குவதால், இதயத்துக்குப் பின்னும் காறை எலும்பின் அடியிலும் சிறு கட்டி ஒளிந்துகொள்ளும்; சி.டி. துண்டு துண்டாகக் காட்டும். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கொருமுறை எடுப்பது பரவலான வழக்கம்.

பிரான்சில் இத்தகைய அறுவை செய்துகொண்ட 1775 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களை விட, சி.டி.யும் எடுத்தவர்களிடம் நோய் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் மொத்த ஆயுளில் தெளிவான வேறுபாடு இல்லை. இதை மறைக்காமல் நோயாளியிடம் சொல்ல வேண்டும். அதற்காக ஸ்கேனை விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். புதிதாக முளைக்கும் இரண்டாவது புற்று சிறிதாயிருக்கும்போதே சிக்கினால், மறுபடி அறுத்தெடுக்கவோ கதிர்வீச்சால் அழிக்கவோ முடியும்.

அறுவைப் புண் ஆறியபின் எடுத்த முதல் சி.டி.யின் தகட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அடுத்தடுத்த படங்களையெல்லாம் அதோடு வைத்துத்தான் பார்ப்பார்கள்.