கற்பனைக் கண்டத்தின் காலநிலை

கற்பனைக் கண்டத்தின் காலநிலையை வகுத்தல் என்பது, புனைகதைக்காகவோ விளையாட்டுக்காகவோ வகுப்பறைப் பயிற்சிக்காகவோ வரையப்பட்ட ஒரு கண்டத்தில் எங்கு மழை பெய்யும், எங்கு காடு வளரும், எங்கு பாலைவனம் அமையும் என்பதை இயற்பியல் விதிகளைக் கொண்டு கணிக்கும் முறையாகும். கண்டம் கற்பனையாக இருந்தாலும், பூமியைப் போன்ற கோளில் காற்றும் நீரும் உண்மையான விதிகளின்படியே இயங்கும் என்பது இதன் அடிப்படை. பாலைவனத்தை முதலில் வரைந்துவிட்டுக் காரணத்தைப் பின்னர் தேடுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும். அகலக்கோடு, காற்று, கடல் நீரோட்டம், மலை என்ற வரிசையில் ஆராய்ந்தால் பாலைவனம் அமைய வேண்டிய இடம் தானாகவே புலப்படும்.

அகலக்கோடு

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் காற்று வெப்பமடைந்து மேலெழுகிறது. குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. ஈரத்தை இழந்த அக்காற்று ஏறத்தாழ 30° அகலக்கோட்டில் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று சூடாவதால் அங்கு மேகங்கள் எளிதில் உருவாவதில்லை. சகாரா, அரேபிய, ஆஸ்திரேலியப் பாலைவனங்கள் இம்மண்டலத்தை ஒட்டி அமைந்திருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். 60° அருகே காற்று மீண்டும் மேலெழுகிறது. எனவே வரைபடத்தில் 0°, 30°, 60° கோடுகளை இடுவதே முதல் படியாகும். பருவங்களுக்கேற்ப இம்மண்டலங்கள் வடக்கும் தெற்குமாக நகர்வதால், இடைப்பட்ட பகுதிகளில் மழைக்காலமும் வறண்ட காலமும் மாறிமாறி வருகின்றன.

காற்றின் திசை

கோளின் சுழற்சி காற்றைத் திசை திருப்புகிறது. பூமியில் 0° முதல் 30° வரை வியாபாரக் காற்றுகள் கிழக்கிலிருந்தும், 30° முதல் 60° வரை மேலைக்காற்றுகள் மேற்கிலிருந்தும் வீசுகின்றன. பூமி எதிர்த்திசையில் சுழன்றால் என்னவாகும் என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டனர். அம்மாதிரியில் சகாரா பசுமையானது; அமெரிக்கக் கண்டங்களில் புதிய பாலைவனங்கள் தோன்றின.

கடல் நீரோட்டங்கள்

பெருங்கடல் நீர், வட அரைக்கோளத்தில் கடிகாரச் சுற்றாகவும் தென் அரைக்கோளத்தில் அதற்கு எதிராகவும் சுழல்கிறது. இதனால் வெப்பமண்டலத்தையும் அதனை அடுத்த பகுதிகளையும் சார்ந்த கண்டங்களின் கிழக்குக் கரையில் வெப்ப நீரோட்டமும் மேற்குக் கரையில் குளிர் நீரோட்டமும் பாய்வது வழக்கம். குளிர் நீரோட்டம் மழையைக் குறைக்கிறது. பென்குவேலா நீரோட்டத்தை ஒட்டிய நமீப் பாலைவனம் கடற்கரையிலேயே அமைந்திருப்பது இதனால்தான்.

மலைகள்

காற்றை எதிர்கொள்ளும் சரிவில் மழை பெய்யும். மறுபுறம் மழை மறைவுப் பகுதியாகும். ஆனால் மலையின் எந்தப் பக்கம் வறண்டது என்பதை மலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆண்டிஸ் மலைத்தொடர் இதற்குச் சிறந்த சான்று. கிழக்குக் காற்று வீசும் அகலக்கோடுகளில் அதன் மேற்கே அட்டகாமா வறண்டு கிடக்கிறது. ஹம்போல்ட் குளிர் நீரோட்டமும் அவ்வறட்சியை மிகுவிக்கிறது. தெற்கே மேலைக்காற்று வீசும் பகுதியில், அதே மலையின் கிழக்கே படகோனியா வறண்டுள்ளது.

கடலிலிருந்து தொலைவு

கடலுக்கு அருகில் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. பெரிய கண்டத்தின் உட்பகுதியில் மிகுதியாக மாறும். சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் நகரில் 1892-இல் −67.8° செல்சியசும், 2020-இல் 38° செல்சியசும் பதிவாகியுள்ளன. பெருங்கண்டத்தின் நிலநடுக்கோட்டுப் பக்கம் வெப்பக் கடல் இருந்தால், ஆசியாவில் உள்ளதுபோல் பருவக்காற்றும் உருவாகலாம்.

எடுத்துக்காட்டு: மிடில் எர்த்

எழுத்தாளர் டோல்கீனின் கதைகள் நிகழும் மிடில் எர்த் என்ற கற்பனை நிலப்பரப்பின் காலநிலையை, பிரிஸ்டல் பல்கலைக்கழக அறிவியலாளர் டான் லன்ட் கணினி மாதிரியின் மூலம் கணித்து 2013-இல் வெளியிட்டார். கதையில் தீய ஆட்சியால் பாழான மோர்டார் பகுதி, அந்த ஆட்சி இல்லாவிட்டாலும் வெப்பமும் வறட்சியும் மிகுந்ததாகவே இருக்கும் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. கதைமாந்தர் மேற்கு நோக்கிக் கப்பலேறும் துறைமுகத்தின் அமைவிடத்துக்கும் அங்கு வீசும் காற்றின் திசை பொருந்தியது. உண்மையான காலநிலையை ஆராய உதவும் மாதிரிகளையே கற்பனை நிலத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதை இது காட்டுகிறது.

சரிபார்த்தல்

வரைபடம் முடிந்ததும் ஒவ்வோர் ஆற்றையும் அதன் ஊற்றுவரை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். பாலைவனத்தில் ஆறு ஓடலாம். ஆனால் அதன் நீர் வேறெங்கோ பெய்த மழையாகவோ உருகிய பனியாகவோ இருக்க வேண்டும். சகாராவைக் கடக்கும் நைல் நதி, எத்தியோப்பிய மேட்டுநிலத்திலும் நிலநடுக்கோட்டு ஏரிப் பகுதியிலும் பெய்யும் மழையால் ஓடுகிறது. நீர் வரும் வழி தெளிவானால், பயிர், ஊர், வணிகப் பாதை, போர் ஆகியவை எங்கு நிகழும் என்பதும் தெளிவாகும். மழைக்குக் காரணம் இல்லாத வரைபடத்தில், அங்கு வாழும் மக்களின் வரலாற்றுக்கும் காரணம் இருக்காது.