உயிர் பிழைப்புக்கு ஒரு மதிப்பெண்

“அப்பாவுக்கு மகாதமனியில் வீக்கம். ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டால் டாக்டர் ஒரு மதிப்பெண்ணைக் காட்டுகிறார். அதை நம்பலாமா?” என்று வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட கணக்குகள் பல உண்டு. பிரிட்டனில் 1991இல் வந்த ‘பாஸம்’ முறை, நோயாளியின் உடல்நிலையிலிருந்து 12 கூறுகளையும் அறுவையிலிருந்து 6 கூறுகளையும் எடுத்துக்கொள்கிறது. எல்லாமே சீராக உள்ளவருக்கும் அந்தச் சூத்திரம் சுமார் 1 சதவீத மரண வாய்ப்பைச் சொல்லும். அதற்குக் கீழே இறங்காது. ஆபத்து குறைந்தவர்களிடம் சாவை மிகைப்படுத்துகிறதே என்று போர்ட்ஸ்மவுத் மருத்துவர்கள் அதைத் திருத்தினார்கள். ரத்தக்குழாய் அறுவைக்கென்றே தனி வடிவமும் பிறகு வந்தது.

என் மனதை விட்டு அகலாதது ‘ஹார்ட்மன் குறியீடு’. மகாதமனி வீக்கம் வெடித்து வருபவர்களுக்காக ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1996இல் வெளியிட்டது. வயது 76க்கு மேல், கிரியேட்டினின் அதிகம், ஹீமோகுளோபின் 9க்குக் கீழ், ஈசிஜியில் இதயத்துக்கு ரத்தம் குறைந்த அடையாளம், மருத்துவமனைக்கு வந்தபின் நினைவு தப்புதல் என ஐந்தே கேள்விகள். மூன்று அல்லது அதற்கு மேல் பொருந்தியவர்களில் அந்த மருத்துவர்களின் ஆய்வில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆனால் பின்னாளில் வேறு மருத்துவமனைகளில் அதே மூன்றையோ அதற்கு மேலோ பெற்றவர்களில் சிலர் பிழைத்தார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘மூன்று வந்துவிட்டது, பயனில்லை’ என்று அறுவையைக் கைவிட்டால், வெடித்த தமனியோடு அவர் இறந்தே போவார். குறியீடு சொன்னது பலித்ததுபோல் தோன்றும். கைவிட்டதால் நேர்ந்த சாவு, கணிப்பின் வெற்றியாகிவிடும்.

விதைப் பையில் 80 சதவீத முளைப்புத்திறன் என்று அச்சிட்டிருந்தாலும், என் அப்பா நூறு நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் கட்டிவைத்துப் பார்த்த பிறகுதான் நாற்றங்காலில் விடுவார். எந்த நெல் முளைக்காது என்று எந்தப் பையும் சொன்னதில்லை. மதிப்பெண்ணும் அப்படித்தான். நூறு பேரைப் பற்றி ஓரளவு சரியாகவே சொல்லும். கட்டிலில் கிடக்கும் ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுத அதற்குத் தகுதியில்லை.

மதிப்பெண்ணை ஒதுக்கச் சொல்லவில்லை. குடும்பத்தோடு மனம்விட்டுப் பேச அது உதவும். ஒரு மருத்துவமனை தன்னைத்தானே தணிக்கை செய்துகொள்ளவும் உதவும். அதற்கு, அறுவைக்கு வந்த ஒவ்வொருவரும் பிழைத்தாரா இல்லையா என்ற பதிவேடு வேண்டும். வேறு நாட்டு நோயாளிகளை வைத்துப் போட்ட சூத்திரம் நம் நோயாளிகளுக்குப் பொருந்துகிறதா என்பதை அந்தப் பதிவேடுதான் சொல்லும். அதை ஒழுங்காக எழுதிவைக்காமல் சூத்திரத்தை மட்டும் கடன் வாங்குவது நோயாளிக்குச் செய்யும் அநீதி.