வெயில் எங்களுக்குப் புதுசா? – கோடையில் தீம் பார்க் போகிறவர்களுக்கு

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் உதவி நிறுவனங்களும் கோயில்களும் தேவாலயங்களும் கோச் பிடித்துக் குடும்பங்களைத் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவது இங்கிலாந்தில் வழக்கம். லண்டன் பக்கம் இருப்பவர்கள் சசிங்டன், தோர்ப் பார்க் அல்லது வின்ட்சரில் இருக்கும் லெகோலாண்ட் போவார்கள். ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் என்றால் அல்ரன் ரவர்ஸ். இந்த நாட்டுக்கு வந்து ஹொட்டேல் அறைக்குள்ளேயே மாதக்கணக்காக இருக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய சந்தோஷம். போய்வாருங்கள். போவதற்கு முன் இந்தக் கட்டுரையை ஒருதரம் வாசியுங்கள்.

வெயிலைப் பற்றிச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். "யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்ட எங்களுக்கு இந்த லண்டன் வெயில் என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். முந்தி ஒரு கோடையில் எங்களோடு சுற்றுலா வந்த ஒரு தம்பியும் அப்படித்தான் சொன்னார். வன்னியில் வயல் வேலை செய்தவர். மதியம் 2 மணிபோல் வரிசையில் நின்றபடியே முகம் வெளிறி, காலில் நிற்க முடியாமல் கீழே இருந்துவிட்டார். காலையில் இருந்து அவர் குடித்தது ஒரு தேத்தண்ணியும் அரைப் போத்தல் கோலாவும் மட்டும். தலை சுற்றத் தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகியும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டோம். "ஆம்புலன்ஸ் வந்தால் பில் வரும், கேஸுக்கும் பிரச்சினை வரும் என்று நினைச்சன்" என்றார். அந்தப் பயம் பிழையானது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

முதலில், வெயிலுக்குப் பழகிய உடம்பு ஏன் இங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம். உடம்பு வெக்கைக்குப் பழகுவது உண்மை. ஒன்று, இரண்டு கிழமை தொடர்ந்து வெக்கையில் இருந்தால் உடம்பு வேளைக்கே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பும் குறைவாகப் போகும். ஆனால் இந்தப் பழக்கம் நிரந்தரம் இல்லை. குளிரான இடத்துக்கு வந்து மூன்று, நான்கு கிழமையில் அது பெரும்பாலும் போய்விடும். இங்கே ஒரு பனிக்காலத்தைக் கழித்தவருக்கு மனதில்தான் ஊர் வெயில் இருக்கிறது, உடம்பில் இல்லை.

இரண்டாவது, ஊரில் நாங்கள் வெயிலோடு வாழ்ந்த முறை வேறு. உச்சி வெயிலில் வெளியே நிற்கமாட்டோம். வேம்புக்குக் கீழே இருப்போம், மோர் குடிப்போம், பின்னேரம் வேலைக்குப் போவோம். தீம் பார்க்கில் எல்லாம் தலைகீழ். கோச் போய்ச் சேரும்போது 11 மணி ஆகிவிடும். அதன்பிறகு கொங்கிறீற் தரையில், நிழல் இல்லாத வரிசையில், ஒரு ஓட்டத்துக்கு முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று நிற்பீர்கள். தரையின் சூடும் மேலே வரும். கோடையில் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 1 மணிக்கு. காற்றின் வெக்கை பின்னேரம் 3, 4 மணிக்குத்தான் கூட இருக்கும். ஜூன் மாதம் லண்டனில் இரவு 9 மணிக்குப் பிறகுதான் பொழுது படும். "இனி வெயில் தணிந்துவிடும்" என்று ஊர்க் கணக்கில் நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொன்று வியர்வை. ஊரில் சட்டை நனைந்து ஒட்டும், தண்ணீர் போகிறது என்று தெரியும். இங்கே ஈரப்பதம் குறைந்த காற்றுள்ள நாட்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று நினைப்போம். ஆனால் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இங்கிலாந்து குளிர் நாடுதானே என்றும் நினைக்கவேண்டாம். 2022 ஜூலை 19ஆம் திகதி லிங்கன்ஷயரில் உள்ள கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவானது. அந்தக் கணக்கு நிழலில் எடுக்கப்படுவது என்பதையும் நினைவில் வையுங்கள். வெயிலில் நிற்கிற உடம்புக்கு அதைவிடக் கூடத் தெரியும். ஜூன் முதலாம் திகதி முதல் செப்டம்பர் 30 வரை வெக்கை எச்சரிக்கைகள் மஞ்சள், அம்பர், சிவப்பு என்று நிறத்தில் வெளியிடப்படும். சுற்றுலா நாளுக்கு அம்பர் அல்லது சிவப்பு என்றால் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இன்னொரு நாள் போகலாம். ரிக்கற் காசு வீணாகிறதே என்று யோசிக்கவேண்டாம்.

தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை

வாரக் காசில் வாழ்கிறவர்களுக்கு இதுதான் பெரிய விசயம். பார்க்குக்குள் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலின் விலையைக் கேட்டால் தாகமே போய்விடும். நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு நாளைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால்தான் பல அம்மாக்கள் தாங்கள் குடிக்காமல் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்யத் தேவையே இல்லை.

இங்கே வீட்டுக் குசினிக் குழாயில் வருகிற குளிர்ந்த தண்ணீர் குடிக்க நல்லது. கொதிக்கவைக்கத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு போத்தல் வீட்டிலேயே நிரப்புங்கள். ஃபிறீஸர் வசதி இருந்தால் முதல்நாள் இரவு முக்கால்வாசி நிரப்பி வைத்துவிடுங்கள் (முழுக்க நிரப்பினால் போத்தல் வெடிக்கும்). காலையில் துவாயில் சுற்றி எடுத்துப் போனால் மத்தியானம் வரை குளிராக இருக்கும். பெரிய பார்க்குகளில் பெரும்பாலும் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோக விடுவார்கள். கண்ணாடிப் போத்தல் மட்டும் வேண்டாம். பல இடங்களில் போத்தல் நிரப்பும் குழாயும் உண்டு. வாசலில் வரைபடம் தருவார்கள், அதில் தேடுங்கள், அல்லது வேலையாட்களிடம் வெற்றுப் போத்தலைக் காட்டிக் கேளுங்கள். ரொயிலற்றில் கைகழுவுகிற குழாயில் பிடிக்கவேண்டாம். குடிதண்ணீர் என்று எழுதியிருந்தால் மட்டும் பிடியுங்கள்.

இதையும் தெரிந்துவைத்திருங்கள்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதுபானம் விற்க அனுமதி பெற்ற இடங்கள், வாடிக்கையாளர் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்கவேண்டும். இது 2010 முதல் சட்டம். பார்க்குக்குள் பியர் விற்கிற சாப்பாட்டுக் கடையில் ஏதாவது வாங்கினால் தண்ணீரும் கேளுங்கள். "ராப் வோட்டர், பிளீஸ்" என்று சொல்லவேண்டும். "வோட்டர்" என்று மட்டும் சொன்னால் போத்தலும் பில்லும் சேர்ந்துதான் வரும்!

எவ்வளவு குடிப்பது? சாதாரண நாளிலேயே பெரியவர்களுக்கு 6 முதல் 8 கிளாஸ் தேவை. வெயிலில் நடக்கிற நாளில் அதைவிடக் கூட. கணக்கு வைக்கக் கஷ்டம் என்றால் சிறுநீரைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் தெளிவாகப் போனால் சரி. கடும் மஞ்சளாகப் போனால், அல்லது காலையில் இருந்து போகவே இல்லை என்றால், தண்ணீர் காணாது. தாகம் வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்காமல், ஒவ்வொரு வரிசைக்கும் போக முன்பு கொஞ்சம், வந்து கொஞ்சம் என்று குடியுங்கள். ஒரேயடியாக ஒரு போத்தலைக் கவிழ்ப்பதும் நல்லதில்லை.

ரொயிலற் தேட வெட்கப்பட்டு அல்லது பயப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களைப் பார்க்கிறோம். கோச் பயணம் என்றால் அது இன்னும் கூட. பார்க்கில் ரொயிலற் நிறைய இருக்கிறது, காசு இல்லை. கோச்சையும் நடுவில் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். எங்களோடு வருகிற பெண் ஊழியரிடம் தமிழிலேயே சொல்லுங்கள்.

கோலா, எனர்ஜி டிறிங்க், பியர் இவற்றைத் தண்ணீருக்குப் பதிலாக எடுக்கவேண்டாம். தோடம்பழம், வத்தகப்பழம், வெள்ளரிக்காய் வெட்டிக் கொண்டுபோங்கள். கூட வியர்க்கிறவர்களுக்கு உப்பும் தேவை, அதனால் உப்புக் கடலை ஒரு பை நல்லது. ஊரில் ஜீவனி கலந்து குடித்தது போல இங்கே டயோரலைட் என்ற பக்கற் பாமசியில் வாங்கலாம். காசில்லை என்றால் பெரியவர்களுக்கு வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தேசிக்காய் பிழிந்தால் குடிக்க லேசு. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படிக் கலக்காமல் பாமசிப் பக்கற்றையே கொடுங்கள்.

ஆடி மாதம் விரதம் இருக்கிறவர்கள் சுற்றுலா நாளில் தண்ணீரையாவது குடியுங்கள். அல்லது அந்த நாளுக்கு வராமல் விடுங்கள்.

குழந்தைகள், மருந்து எடுப்பவர்கள்

கைக்குழந்தையை வண்டியில் வைத்து மேலே சால்வையோ துணியோ போட்டு மூடுவது எங்கள் அம்மாக்களின் பழக்கம். வெயில் படாமல் இருக்கட்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் உள்ளே காற்று ஓடாது, வண்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பு மாதிரி ஆகிவிடும். மூடாதீர்கள். வண்டிக்குப் பூட்டுகிற குடையைப் பாவியுங்கள், நிழலில் விடுங்கள், கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். 6 மாதத்துக்கு உட்பட்ட, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. அடிக்கடி பால் கொடுத்தால் போதும், ஆனால் கொடுக்கிற தாய் நல்லாய்க் குடிக்கவேண்டும். புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்கு, கொதித்து ஆறிய தண்ணீர் இடையில் கொஞ்சம் கொடுக்கலாம்.

நித்திரைக்கும் மனக்கவலைக்கும் தருகிற சில குளிசைகள் வியர்வையைக் குறைக்கும். பிரஷருக்குத் தருகிற சில குளிசைகள் உடம்பிலுள்ள நீரை வெளியேற்றும். இவற்றை எடுப்பவர்களை வெக்கை வேளைக்கே தாக்கும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தவேண்டாம். ஜிபியிடமோ பாமசியிலோ முன்பே கேளுங்கள். பாமசியில் கேட்கக் காசில்லை, அப்பொயின்மென்றும் தேவையில்லை.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். தடுப்பிலும் சண்டையிலும் கஷ்டப்பட்டு வந்தவர்கள் பலருக்குச் சனக்கூட்டத்தில் நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், வியர்க்கும். வெக்கை தாக்கினாலும் இதே மாதிரித்தான் இருக்கும். "இது என்ட பழைய வருத்தம்தான்" என்று நினைத்து ஒதுங்கி இருந்துவிடாதீர்கள். எதுவாக இருந்தாலும் நிழலுக்கு வாருங்கள், தண்ணீர் குடியுங்கள், பக்கத்தில் உள்ளவருக்குச் சொல்லுங்கள். கட்டிப்போடுகிற ஆசனமும் கூச்சலும் பிடிக்கவில்லை என்றால் ஓட்டங்களில் ஏறவே தேவையில்லை. மரத்தடியில் இருந்து எல்லாருடைய பையையும் பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும்தானே.

உடுப்பு மெல்லிய பருத்தியாக, இளநிறமாக, தளர்வாக இருக்கட்டும். ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் தொப்பி போடுங்கள், குடை பிடியுங்கள். கறுப்புத் தோலும் எரியும், சன் கிறீம் 30 அல்லது அதற்கு மேல் பூசுங்கள். 11 மணி முதல் 3 மணி வரை உள்ளே நடக்கிற காட்சிகள், தண்ணீர் ஓட்டங்கள், சாப்பாடு என்று வைத்துக்கொண்டு நீண்ட வரிசைகளைப் பின்னேரத்துக்கு விடுங்கள். தோர்ப் பார்க் மாதிரிச் சுற்றிவரத் தண்ணீர் உள்ள இடங்களில் ஏரிக்குள் இறங்கவேண்டாம். மேலே வெயில் எரித்தாலும் அந்தத் தண்ணீரின் குளிர் மூச்சை அடைக்கும்.

ஒருவருக்கு வெக்கை தாக்கினால்

தலையிடி, தலைச்சுற்று, சத்தி, தசைப் பிடிப்பு, கடும் தாகம், வெளிறிய ஈரமான தோல் – இவை வெக்கைக் களைப்பின் அடையாளம். பிள்ளைகள் என்றால் சோர்ந்து நித்திரை தூங்குவார்கள், சிணுங்குவார்கள். உடனே நிழலுக்கு அல்லது ஏசி உள்ள கடைக்குள் கொண்டுபோங்கள். படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மேலதிக உடுப்பைக் கழற்றுங்கள். கழுத்து, அக்குள் எல்லாம் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பனடோல் கொடுக்கவேண்டாம். எங்கள் ஆட்கள் எதற்கும் பனடோல்தான், ஆனால் இது காய்ச்சல் இல்லை, அது இந்தச் சூட்டைக் குறைக்காது. பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவை போட்ட பலகை முதலுதவி இடத்தைக் காட்டும். பார்க் ஊழியர் யாரையாவது கூப்பிட்டால் அவர் றேடியோவில் அறிவிப்பார்.

30 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் 999 அடியுங்கள். உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலும், வேகமாக மூச்சு வாங்கினாலும், சம்பந்தமில்லாமல் கதைத்தாலும், வலிப்பு வந்தாலும், மயங்கினாலும் 30 நிமிடம் பார்க்கவே வேண்டாம், உடனே அடியுங்கள். வந்து சேரும்வரை உடம்பைக் குளிராக்கிக்கொண்டே இருங்கள். மயங்கியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "ஆம்புலன்ஸ்" என்றும் பார்க்கின் பெயரையும் சொல்லி "தமிழ் இன்ரபிறிற்றர்" என்று கேளுங்கள்.

இப்போது அந்தத் தம்பியின் பயத்துக்கு வருவோம். அகதி விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளவர்களுக்கு இங்கிலாந்தில் அரச வைத்தியம் இலவசம், ஆம்புலன்ஸும் சேர்த்துத்தான். வழக்கு மறுக்கப்பட்டவர்களுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குக் காசில்லை. வார்ட்டில் அனுமதித்த பிறகு சிலருக்கு விதிகள் வேறு. அப்படியானவர்கள் பின்னர் எங்களிடம் வந்து கதையுங்கள். ஆனால் அதை யோசித்து 999 அடிப்பதைத் தள்ளிப்போடவேண்டாம். சுகமில்லாமல் போனதற்காக யாருடைய விண்ணப்பமும் மறுக்கப்படுவதில்லை.

புறப்பட முன் கையெழுத்து வைக்கிற நாள் அன்று வருகிறதா என்று பாருங்கள். பையில் ஏஆர்சி அட்டையும் எடுக்கிற மருந்தும் எங்கள் ஊழியரின் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். திரும்பி வந்த இரவு பிள்ளைகளுக்கு இன்னொரு கிளாஸ் தண்ணீர் கொடுத்துப் படுக்கவையுங்கள். அடுத்தநாளும் தலையிடியோ சத்தியோ நிற்கவில்லை என்றால் ஜிபிக்கு அடியுங்கள். ஜிபி பூட்டியிருந்தால் 111 எந்த நேரமும் எடுக்கலாம், அழைப்புக்குக் காசில்லை, அங்கேயும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.