நடுங்கும் ஒளியும் நிலைத்த இடைவெளியும்

விண்மீன் கண்சிமிட்டுகிறது என்று குழந்தைக்குக் காட்டி மகிழ்கிறோம். வானநூலாருக்கோ அது பெரும் இடையூறு. சிமிட்டுவது விண்மீனன்று, இடையிலுள்ள காற்றே நடுங்குகிறது. வெப்பம் மிகுந்த காற்றும் குறைந்த காற்றும் திட்டுத்திட்டாகக் கலந்திருப்பதால் ஒளி வழிநெடுகச் சிறிது சிறிது வளைகிறது.

இதனால் நேரும் இழப்பு யாது? கலிபோர்னியாவின் பாலமார் மலைத் தொலைநோக்கியின் ஆடி ஏறத்தாழ 5 மீட்டர் அகலமுடையது. ஒளியியல் விதிப்படி அது ஒரு விகலையில் நாற்பதில் ஒரு பங்கையும் பிரித்துக் காட்டவல்லது. விகலையாவது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு கூறு. ஆயினும் நெடுநேரம் எடுக்கும் படத்தில், ஏறக்குறைய ஒரு விகலைக்குட்பட்ட நுட்பமெல்லாம் மங்கிவிடும்.

1970-இல் ஆந்துவான் லபேரி என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்கு வழி கண்டார். ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போன்ற குறுகிய நேரத்தில் படமெடுத்தால், காற்றின் அசைவு உறைந்தாற்போல் நின்றுவிடும். அப்படத்தில் விண்மீன் நுண்ணிய புள்ளிகளின் கூட்டமாகத் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் தொலைநோக்கியின் முழு நுட்பத்தையும் தாங்கி நிற்கும். இதுவே ஸ்பெக்கிள் இன்டர்பெரோமெட்ரி, அதாவது புள்ளிக் குறுக்கீட்டு அளவைமுறை.

குளக்கரையில் இரு விளக்குகள் அருகருகே எரிவதாகக் கொள்வோம். அலையெழும்போது நீரில் அவற்றின் நிழலுரு பலவாகச் சிதறும். ஆயினும் சிதறிய இடமெல்லாம் இரண்டிரண்டாகவே காணப்படும். இரட்டை விண்மீனும் அத்தகையதே. ஒவ்வொரு புள்ளிக்கும் அதே திசையில், அதே தொலைவில், ஒரு துணைப்புள்ளி நிற்கும். புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறும். இணையின் இடைவெளி மாறாது. நூற்றுக்கணக்கான படங்களைப் பூரியே கணிதமுறையால் ஆராய்ந்து கூட்டினால், மாறுவன கரைந்து மாறாதது எஞ்சும்.

இதன் பயனுக்கு ஒரு சான்று கூறுவேன். 1978-இல் ஜேம்ஸ் கிறிஸ்டி என்பார், புளூட்டோவின் படங்களில் ஒரு பக்கம் புடைத்திருக்கக் கண்டு, அது ஒரு துணைக்கோள் என்றார். சாரன் என்று பெயர் பெற்ற அக்கோளுக்கும் புளூட்டோவுக்கும் இடைவெளி ஒரு விகலைக்கும் குறைவு. ஆகவே இரண்டும் ஒட்டியே தோன்றின. 1980-இல் பொன்னோ, புவா என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், ஹவாய்த் தீவின் மௌனகேயா மலையில் 3.6 மீட்டர்த் தொலைநோக்கி கொண்டு, இம்முறையால் இரண்டையும் தனித்தனியே பிரித்துக் கண்டனர். துணைக்கோளின் பாதை தெரிந்தால் கோளின் நிறை தெரியும். ஒரு காலத்தில் பூமிக்கு நிகரென மதிக்கப்பட்ட புளூட்டோ, பூமியின் நிறையில் ஏறத்தாழ 450-இல் ஒரு பங்கே எனப் பின்னர் உறுதியாயிற்று.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மிக மங்கலான பொருளுக்கு இது எளிதிற் பயன்படாது. துணை எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கூறும். இப்பக்கமா, எதிர்ப்பக்கமா என்பதை அறிய வேறு கணக்கும் வேண்டும். எனினும் இரட்டை விண்மீன்களை அளப்போர் இன்றும் இதனைக் கைவிடவில்லை. காற்றை அடக்க நம்மால் இயலாது. அது கலைத்ததைப் பொறுமையுடன் எண்ணிக் கோக்க இயலும் என்பதே இதன் பாடம்.