பொறியாளர் வேண்டும் சட்டம்

கே.கே. நகரில் ஓர் அடுக்ககம் எழ வேண்டுமாயின், அதன் வரைபடத்தில் பொறியாளர் ஒருவர் கையொப்பமிடுகின்றார். அக்கையொப்பத்தின் தகுதியை உறுதி செய்வது யார்? நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வழக்கறிஞர்க்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும், கட்டடக் கலைஞர்க்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் உள. அவற்றின்வழி அமைந்த மன்றங்கள் தகுதியுடையோரைப் பதிவு செய்கின்றன. நெறி தவறியோரை விலக்குகின்றன. பொறியாளர்க்கு அத்தகைய நாடு தழுவிய சட்டம் வாய்க்கவில்லை. இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920இல் சென்னையில் பதிவு பெற்றது; 1935இல் அரச பட்டயமும் எய்தியது. எனினும் தொழில் புரிய அதன் உறுப்பாண்மை கட்டாயமன்று.

ஆதலின், தமிழகக் கட்டடப் பொறியாளர் சங்கங்கள் பொறியாளர் மன்றச் சட்டம் வேண்டி அரசிடம் முறையிட்டு வந்துள்ளன. அமைச்சரிடம் மனு அளித்தல், விதி வரைவுகளுக்குக் கருத்துரைத்தல், மாநாட்டில் தீர்மானம் இயற்றல் ஆகியன அவற்றின் வழிகள்.

2014இல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டன. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பொறியாளரின் பதிவையும் பொறுப்பையும் வரையறுத்தன. ஆயினும் அப்பதிவு, கட்டட அனுமதியின் பொருட்டு அமைவதே. தொழில் முழுமைக்குமான மன்றமன்று.

உரிமை வேண்டுவோர் பொறுப்பையும் உடன் வேண்டுதல் முறை. தவறிய தம்மவரையும் விலக்கத் துணியும் சங்கத்தின் குரலே அரசின் செவிக்கும் மக்கள் நெஞ்சிற்கும் எட்டும் என்பது நம் துணிபு.