உங்களுக்குத் தெரியுமா? ஆலிவ் காயின் கசப்பு நீரில் கரையும்

பச்சை ஆலிவும் கறுப்பு ஆலிவும் தனித்தனி இனங்கள் அல்ல. ஒரே மரத்தின் காயும் பழமும்தான். பறித்தவுடன் கடித்தால் இரண்டுமே நாக்கைச் சுருட்டும். ஒலியூரோபின் என்ற பொருளே இதற்குக் காரணம். கிரேக்கத்தின் தாசோஸ் தீவில் விளையும் துரூம்பா, மரத்திலேயே கசப்பை இழந்து சுருங்கும் அரிய விதிவிலக்கு.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரப் பூங்காநிலங்களில் 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட ஆலிவ் மரங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே மார்ச்சில் தொடங்கும் இலையுதிர்காலமே பறிக்கும் பருவம். காயைக் கையால் பறிப்பது நல்லது. அடிபட்ட காயும் பழ ஈ துளைத்த காயும் ஊறும்போது கூழாகிவிடும்.

ஒலியூரோபின் நீரில் கரையும். அதனால் காயைக் கீறியோ லேசாக நசுக்கியோ தண்ணீரில் போட்டு, ஒரு வாரத்துக்குக் குறையாமல் தினமும் நீரை மாற்றுவார்கள். பிறகு லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் கல்லுப்பு கரைத்த நீரில் ஊறவைப்பார்கள். கீறாத காய்க்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். சுவையும் அதில்தான் கூடுதல். உப்புநீரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றும். காய் மிதக்காமல் மேலே கனம் வைப்பது கட்டாயம், காற்றுப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆலைகளில் காரச்சோடா கரைசல் ஒரு நாளுக்குள்ளேயே கசப்பைப் போக்கிவிடுகிறது. கலிபோர்னியாவின் டப்பாக் கறுப்பு ஆலிவ், பழுத்ததே அல்ல: பழுக்காத காயைக் காரத்தில் ஊறவைத்து, காற்றூட்டிக் கறுக்கச்செய்கிறார்கள். நிறம் நிலைக்க இரும்பு உப்பும் சேர்ப்பார்கள்.